இஸ்தான்புல் இரவைச் சுவரில் மாட்டுவது: லிவர்பூலின் ஐரோப்பிய ஆட்ட நினைவு பிரிண்ட்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் லிவர்பூல் கால்பந்து அணியின் பழைய ஐரோப்பிய ஆட்டங்களை வரைந்த ஓவிய அச்சுகள் ஏழெட்டு தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிற ரசிகர்களும் ரசிகர் அல்லாதவர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது பெயின்டிங்கா, போஸ்டரா? ரெண்டும் இல்லைன்னா என்னதான் இது?

ஓவியர் ஒரு ஆட்டத்தையோ ஒரு கோலையோ வரைகிறார், பெயின்டிலோ கணினியிலோ. அதை நல்ல கனமான தாளில், மங்காத மையில், பெரும்பாலும் இத்தனை பிரதிகள்தான் என்று கணக்கு வைத்து அச்சடிக்கிறார்கள். அதுதான் ஆர்ட் பிரிண்ட். நம் பேச்சில் வெறும் ‘பிரிண்ட்’.

போஸ்டர் என்பது மெல்லிய பளபளத் தாளில் ஆயிரக்கணக்கில் அடிப்பது. கீழே விழுந்து கசங்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பெயின்டிங் உலகத்தில் ஒன்றே ஒன்று. பிரிண்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, விலையும் அப்படித்தான்.

லீக் பட்டமே இருபது தடவை ஜெயிச்சிருக்காங்க. எல்லாரும் ஏன் ஐரோப்பிய மேட்சையே வரையிறாங்க?

லீக் பட்டம் 38 ஆட்டங்களில் சிறுகச் சிறுகச் சேர்வது. அதை எந்தத் தாளில் வரைவது? ஐரோப்பியக் கோப்பையில் (இப்போதைய பெயர் சாம்பியன்ஸ் லீக்) ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். லிவர்பூல் அந்தக் கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது: 1977 ரோம், 1978 வெம்பிளி, 1981 பாரிஸ், 1984 மறுபடி ரோம், 2005 இஸ்தான்புல், 2019 மாட்ரிட். ஆறும் ஆறு கதை போல. ஒவ்வொன்றிலும் வரைவதற்கென்றே ஒரு நொடி இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஆட்டங்கள் பெரும்பாலும் வாரநாள் இரவில், விளக்கு வெளிச்சத்தில் நடப்பவை. இருட்டு வானம், பச்சைத் தரை, சிவப்புச் சட்டை. ஓவியருக்குப் பாதி வேலையை மைதானமே செய்து கொடுத்துவிடுகிறது.

ஃபைனல் மட்டும்தான் வருமா?

இல்லவே இல்லை. இறுதி ஆட்டங்களைவிட அதற்கு முந்தைய சுற்றுகளுக்குத்தான் நல்ல பிரிண்ட்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றும். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்தவை அவை. மைதானமும் ரசிகர் கூட்டமும் படத்துக்குள் வந்துவிடும்.

அடிக்கடி பார்ப்பவை இவை. 1965 மே 4, இன்டர் மிலானை 3-1 என வென்ற அரையிறுதி முதல் ஆட்டம். 1977 மார்ச் 16, பிரான்ஸின் சென்-எத்தியன் அணியுடன் காலிறுதி. மாற்று வீரராக இறங்கிய செம்பட்டைத் தலை டேவிட் ஃபேர்க்ளஃப் 84வது நிமிடத்தில் அடித்த கோல். 2004 டிசம்பர் 8, ஒலிம்பியாகோஸுக்கு எதிராக 86வது நிமிடத்தில் அணித்தலைவர் ஜெரார்ட் தூரத்திலிருந்து உதைத்தது. 2016இல் டார்ட்மண்ட் அணியை 4-3 என வென்றபோது, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் லோவ்ரன் தலையால் முட்டியது. 2019 மே 7, பார்சிலோனாவை 4-0 என வீழ்த்திய இரவு.

ஐரோப்பாவின் இரண்டாம்நிலைப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையின் 2001 இறுதி ஆட்டம் ஒரு வேடிக்கை. அலவேஸ் அணியுடன் 5-4. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் என்ற ‘கோல்டன் கோல்’ விதி இருந்த காலம் அது. வெற்றி கோல் அலவேஸ் வீரர் டெல்ஃபி ஜெலி தன் வலைக்குள்ளேயே முட்டிவிட்டது! எதிரணிக்காரர் தலையில் பட்டு விழுந்ததை வெற்றிப் படமாக எப்படி வரைவது? பெரும்பாலான ஓவியர்கள் அந்த ஃப்ரீ கிக்கை அடித்த மெக்அலிஸ்டரை வரைந்து தப்பித்துக்கொள்கிறார்கள்.

‘ஜிக்லே’ன்னு போட்டிருக்கான், இன்னொருத்தன் ‘ஸ்கிரீன் பிரிண்ட்’ங்கிறான். எது ஒசத்தி?

நம் ஊர் உதாரணத்தோடு சொன்னால் சுலபம். சிவகாசி காலண்டர் ஆஃப்செட். கல்யாணப் பத்திரிகையில் விரலால் தடவினால் மேடாகத் தெரியும் எழுத்து, பெரும்பாலும் ஸ்கிரீன். ஜிக்லே என்பது உயர்தர இங்க்ஜெட்; அவ்வளவுதான். வெறும் இங்க்ஜெட் என்றால் மதிப்பில்லை என்று 1991இல் கலிபோர்னியாவில் ஜாக் டுகான் என்கிற அச்சுக்காரர், பிரெஞ்சில் பீய்ச்சுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கினார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆஃப்செட்டில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்காகப் பூ வடிவில் நிற்கும். ஜிக்லேயில் மை தூவினது போலப் பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் புள்ளியே தெரியாமல் சிவப்பு என்றால் முழுச் சிவப்பு, ஓரம் வெட்டினது மாதிரி நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி வலைச்சட்டம் வைத்து, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று கையால் இழுப்பார்கள்.

எது உயர்வு என்பது படத்தைப் பொறுத்தது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்றே நிறத்தில் வரைந்த எளிய படத்துக்கு ஸ்கிரீன் மாதிரி எதுவும் வராது. அந்தச் சிவப்பின் அடர்த்தி வேறு. பனி, புகை, விளக்கொளி என்று நுணுக்கமாகத் தீட்டிய ஓவியத்துக்கு ஜிக்லேதான் சரி. தாளைக் கட்டாயம் கேளுங்கள்: முழுப் பருத்தித் தாள், அமிலமில்லாதது, சதுர மீட்டருக்கு 300 கிராம் வாக்கில். மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் சில வருடங்களில் பழைய செய்தித்தாள் மாதிரி மஞ்சளாக்கிவிடும். மை ‘டை’யா (கரையும் சாயம்) ‘பிக்மென்ட்’டா (கரையாத நிறத்துகள்) என்பதையும் கேளுங்கள். பிக்மென்ட் என்றால் வாங்கலாம்.

கீழே பென்சில்ல 23/250ன்னு எழுதியிருக்கு. அது என்ன கணக்கு?

மொத்தம் 250 பிரதி, அதில் உங்களுடையது 23வது. அந்த 250 முடிந்ததும் அதே படத்தை அதே அளவில் மறுபடி அடிக்க மாட்டோம் என்பது விற்பவர் கொடுக்கிற வாக்கு. ‘அதே அளவில்’ என்பதைக் கவனியுங்கள். ஏ2வில் 250 தீர்ந்ததும் ஏ3யில் இன்னொரு 500 அடிக்கிறவர்கள் உண்டு. வாங்கும் முன், எல்லா அளவும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அது எல்லையில்லாப் பதிப்பு என்றே எடுத்துக்கொண்டு அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

சின்ன நம்பர் கிடைச்சா நல்லதாமே? ‘ஏ.பி.’ன்னு எழுதினது அதைவிட ஒசத்தியாமே?

அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிக்கும்போது தகடு தேயும். முதல் பிரதிகள் கூர்மையாக வரும். அதனால் வந்த நம்பிக்கை இது. ஜிக்லேயில் தேய எதுவுமில்லை. 1வதும் 250வதும் ஒன்றேதான். ஆனால் 1977 ரோம் பிரிண்டில் 7ஆம் எண் வேண்டும் என்று கேட்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள், கெவின் கீகன் போட்டிருந்த எண் என்பதால். அது ஆசை, அதற்கு விலை சொல்ல முடியாது.

ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்பது ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சோதனைப் பிரதி. வழக்கமாகப் பதிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 250 பதிப்புக்கு நூறு ஏ.பி. சந்தையில் நடமாடினால் ஏதோ இடிக்கிறது.

கையெழுத்து இருக்கு. ஆட்டக்காரர் போட்டதா, வரைஞ்சவர் போட்டதா?

வலது மூலையில் பென்சிலில் இருந்தால் ஓவியருடையது. இடது மூலையில் எண், நடுவில் படத்தின் பெயர். இது பழைய மரபு. வீரர் போட்டது என்றால் பெரும்பாலும் மார்க்கர் பேனாவில், படத்தின் மேலேயே இருக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதில்தான் ஏமாறுவது: படத்தோடு சேர்த்து அச்சான கையெழுத்து. மேலே சொன்ன லென்ஸை வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் உண்மையான பென்சில் கோடு லேசாக மினுங்கும், அழுத்தம் தெரியும். ‘சர்டிஃபிகேட் கூட இருக்கு சார்’ என்பார்கள். சர்டிஃபிகேட்டும் அச்சடித்த காகிதம்தானே?

படத்துல தப்பு இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு அந்தக் காலத்து மேட்ச் தெரியாதே.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தாள், மை எல்லாம் சரியாக இருந்து, படம் வரைந்தவர் அந்த ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்றால் நான் வாங்க மாட்டேன். மூன்று இடங்களில் பார்த்தால் போதும்: கோப்பை, சட்டை, எண்.

கோப்பை முதலில். பெரிய காது வைத்த மாதிரி இருக்கிற இன்றைய ஐரோப்பியக் கோப்பை பெர்ன் நகரத்தில் யுர்க் ஸ்டாடெல்மன் செய்தது, 73.5 சென்டிமீட்டர் உயரம், ஏழரைக் கிலோ எடை. அது முதலில் கொடுக்கப்பட்டது 1967இல். எனவே 1965 இன்டர் மிலான் ஆட்டப் படத்தில் அந்தக் காது வைத்த கோப்பை ஓரத்தில் இருந்தால் ஓவியர் கோட்டை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்த இரவு ஆன்ஃபீல்டில் உண்மையில் இருந்தது வேறு கோப்பை. மூன்று நாள் முன்புதான் லிவர்பூல் முதல்முறையாக இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பை வென்றிருந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தும் கடைசிவரை ஆடிய ஜெரி பிர்னும், காயத்தால் ஆட முடியாமல்போன கார்டன் மில்னும் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அதை வரைந்த ஒரு பிரிண்டைப் பார்த்திருக்கிறேன். வீரர்களே சின்னதாக ஓர் ஓரத்தில்தான். அப்படிப்பட்டவர் ஆட்டத்தைத் தெரிந்தவர்.

அடுத்து சட்டை. மேலிருந்து கீழ்வரை சிவப்பு என்பதே 1964 நவம்பரில், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியுடனான ஐரோப்பிய ஆட்டத்தில் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி தொடங்கி வைத்தது. அதற்கு முன் வெள்ளை அரைக்கால் சட்டை. 1981 பாரிஸ் இறுதி ஆட்டத்தில் மார்பில் ஹிட்டாச்சி என்று எழுதியிருந்தால் தவறு. அந்த வருடம் லீக் சட்டையில் அது உண்டு, ஐரோப்பிய ஆட்டத்தில் அப்போது விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. 2005 இஸ்தான்புல் என்றால் கார்ல்ஸ்பெர்க் இருக்க வேண்டும். எதிரணியான ஏ.சி. மிலான்காரர்கள் அன்று வெள்ளையில் ஆடினார்கள். அவர்களைச் சிவப்பு-கறுப்புக் கோட்டில் வரைந்தால் பார்க்க அழகுதான், ஆனால் இஸ்தான்புல் இல்லை.

எண்: 1977இல் 7 கீகன், 1978இல் அதே 7 கென்னி டால்கிளிஷ். 2005இல் ஜெரார்ட் 8, ஸ்மிட்சர் 11, சாபி அலோன்சோ 14. 2019இல் ஒரிகி 27, வைனால்டம் 5, அலெக்சாண்டர்-ஆர்னால்டு 66. இப்போது கணினி தானாகவே வரைந்து தள்ளுகிற படங்கள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. அவற்றில் முதலில் சொதப்புவது இந்த எண்களும், சட்டையில் இருக்கும் கிளப் சின்னமான லைவர் பறவையின் காலும், கையுறை போடாத கைவிரல்களும்தான்.

ஆளே இல்லாம வெறும் கோடும் புள்ளியுமா ஒரு படம் பார்த்தேன். மேலே ‘79’னு மட்டும் இருந்துச்சு. இதுக்கா காசு?

அதற்குத்தான் காசு. பச்சையில் மைதானத்தின் ஒரு மூலை, வளைவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அங்கிருந்து பெட்டிக்குள் ஒரே ஒரு கோடு, அங்கிருந்து வலைக்குள் இன்னொரு சிறு கோடு. 2019, பார்சிலோனா, 79வது நிமிடம். இதுவரை நான் பார்த்த கோல் வரைபடங்களிலேயே கோடு குறைவானது இதுதான்.

முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவில் 3-0 எனத் தோற்றாயிற்று. சலாவும் ஃபிர்மினோவும் காயம். ஆன்ஃபீல்டில் ஒரிகி 7வது நிமிடத்தில் ஒன்று. இடைவேளையில் ராபர்ட்சனால் தொடர முடியாமல் இறங்கிய வைனால்டம் 54, 56 எனச் சட்டுப்புட்டென்று இரண்டு. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 3-3. பிறகு ஒரு கார்னர். அலெக்சாண்டர்-ஆர்னால்டு பந்தை வைத்துவிட்டு, வேறொருவர் அடிக்கட்டும் என்று விலகி நடக்கிறார். ஷகிரி வந்துகொண்டிருக்கிறார். பார்சிலோனாக்காரர்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி வந்து தாழ்வாக உதைக்க, பெட்டிக்குள் ஒரிகி ஒருவர்தான் விழித்திருந்தார்.

இப்போது அந்தப் பிரிண்டை மறுபடி பாருங்கள். நல்ல பதிப்பில் பார்சிலோனாத் தடுப்பாட்டக்காரர்களைச் சின்ன வட்டங்களாகப் போட்டு, எந்தப் பக்கம் முகம் என்பதற்கு ஒரு கீற்று வைத்திருப்பார்கள். ஒரு கீற்றுகூடப் பந்தை நோக்கி இருக்காது. இஸ்தான்புல்லுக்கும் இதுபோல் உண்டு: ரீசெ இடதுபுறமிருந்து முதலில் அனுப்பிய பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வருவதும், இரண்டாவது ஜெரார்ட் தலைக்குப் போவதும் இரண்டு கோடு. ஒரே கோடாகப் போட்டிருந்தால் வரைந்தவர் கோலின் சுருக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

நான் இஸ்தான்புல் ஃபைனலை டிவில பார்த்தது மே 26. பிரிண்ட்ல மே 25ன்னு போட்டிருக்கு. தப்புதானே?

இருவரும் சரி. ஆட்டம் தொடங்கியது இஸ்தான்புல் நேரம் 25ஆம் தேதி இரவு 9.45. நமக்கு 26ஆம் தேதி அதிகாலை 12.15. இடைவேளைக்கு லிவர்பூல் 3-0 எனப் பின்தங்கியதும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப்போன அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். 54, 56, 60 என ஆறே நிமிடத்தில் மூன்று விழுந்ததை அவர்கள் காலையில் பேப்பரில்கூடச் சரியாகப் படிக்கவில்லை; நம் ஊர்ப் பதிப்புகள் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தன. கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், கடைசிப் பெனால்டியை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்தபோது இஸ்தான்புல்லிலும் நள்ளிரவு தாண்டி 26 பிறந்திருந்தது. ஆனால் ஆட்டத்தின் தேதி என்பது தொடங்கிய தேதிதான்.

உண்மையிலேயே குழப்பமான தேதி 1973இல் இருக்கிறது. யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி, முதல் ஆட்டம், எதிரணி ஜெர்மனியின் மூன்ஷன்கிளாட்பாக். மே 9 அன்று 27 நிமிடம் ஆடியதும் கொட்டுகிற மழையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மே 10 புதிதாகத் தொடங்கி 3-0. நின்றுபோன அந்த 27 நிமிடத்தில் எதிரணித் தடுப்புக்குத் தலைப்பந்து வராது என்று ஷாங்க்லி கண்டுகொண்டு, நெட்டையான டோஷாக்கை மறுநாள் இறக்கினார். கீகன் இரண்டு கோல் போட்டார். பிரிண்டில் மே 9 என்று இருந்து மழையும் இருந்தால் சரி. மே 9 என்று இருந்து 3-0 என்றும் இருந்தால் தவறு.

எல்லா ஃபைனலும் இருக்கு, 1985 மட்டும் எங்கேயும் கிடைக்கலையே?

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் யுவென்டஸுடனான இறுதி ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் கூட்டம் ஒதுங்கி, சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். அதன்பிறகு இங்கிலாந்து கிளப்புகள் ஐந்தாண்டும் லிவர்பூல் ஆறாண்டும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. எல்லா இறுதி ஆட்டங்களின் தொகுப்பு என்று யாராவது 1985ஐயும் ஸ்கோரோடு சேர்த்து விற்றால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கிளப் அனுமதி இல்லாம விக்கிறாங்களே, அதை வாங்கினா எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?

வீட்டில் மாட்ட ஒன்று வாங்குகிற உங்களை யாரும் தேடி வரப்போவதில்லை. விற்பவருக்குத்தான் வரம்புகள். கிளப்பின் லைவர் பறவைச் சின்னம், கிளப் பெயர், போட்டியின் இலச்சினை எல்லாம் பதிவான வணிகக் குறிகள். ஒரு பத்திரிகைப் புகைப்படத்தை அப்படியே ‘ஓவியம்’ ஆக்கினால் புகைப்படக்காரரின் பதிப்புரிமை இருக்கிறது. அதனால்தான் கவனமான ஓவியர்கள் சின்னம் போடாமல், கிளப் பெயர்கூட எழுதாமல், ஊர்ப் பெயரும் வருடமும் மட்டும் போடுகிறார்கள். ‘ரோம் 77’ என்றால் தெரிந்தவனுக்குத் தெரியும்.

ஊர்ப் பெயரையே கிளப் ஒருமுறை வணிகக் குறியாகக் கேட்டது. 2019இல் பிரிட்டன் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் ‘லிவர்பூல்’ என்பது ஊர், அதைத் தர முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த ஊரின் சிறு வியாபாரிகள் அன்று நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார்கள்.

ரோம் பிரிண்ட்ல ஏதோ தவளைக்கால்னு எழுதின பேனர் தொங்குது. கால்பந்துக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம்?

1977இல் ரசிகர்கள் ரோமுக்குத் தூக்கிப்போன துணிப் பதாகை அது. ஜோயி ஜோன்ஸ் என்ற இடதுபுறத் தடுப்பாட்டக்காரரைப் பற்றியது. பிரெஞ்சு அணியைத் தோற்கடித்ததை, அந்நாட்டு உணவான தவளைக்காலைத் தின்றான் என்றும், அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கைத் தோற்கடித்ததை சுவிஸ் ரோல் கேக்கை வைத்துச் சிலேடையாகவும், இறுதியில் மூன்ஷன்கிளாட்பாக்கை ‘மன்ச்சிங்’, அதாவது மென்றுகொண்டிருக்கிறான் என்றும் எழுதினார்கள். நம் காளமேகப் புலவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். ரோம் ஆட்டத்தை வரைகிற பாதிப்பேர் இதை ஒரு மூலையிலாவது வைக்கிறார்கள்.

இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சா கசங்காம வருமா?

அட்டைக் குழாயில் சுருட்டி வரும். குழாய் கெட்டியாகவும், குறைந்தது மூன்று அங்குல விட்டமும் இருக்க வேண்டும். மெல்லிய குழாயில் 300 கிராம் தாளை இறுக்கிச் சுருட்டினால் பரப்பு வெடிக்கும். வந்ததும் ஆர்வத்தில் எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தாதீர்கள். படம் மேலே பார்க்கச் சுத்தமான தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே தட்டையான பலகை, அதன்மேல் நாலு கனமான புத்தகம். இரண்டு நாளில் படுத்துவிடும். சுங்க வரி வந்தால் கட்டத் தயாராக இருங்கள். விற்பவரை ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

ஃபிரேம் கடைக்காரர் 12×18 ரெடிமேட் இருக்குங்கிறார். ஏ3 அதுல உக்காருமா?

ஏ3 என்பது 297×420 மில்லிமீட்டர், அங்குலத்தில் ஏறத்தாழ 11.7×16.5. பன்னிரண்டுக்குப் பதினெட்டில் நீளவாக்கில் ஒன்றரை அங்குலம் இடைவெளி விழும். ‘ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிடலாம் சார்’ என்று கத்தியை எடுக்க விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. சுற்றி இரண்டு அங்குலமாவது மவுண்ட் அட்டை வைத்து அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். ஏ2 (420×594) என்றால் ரெடிமேடை மறந்துவிடலாம்.

மவுண்ட் எதுக்கு? நேரா கண்ணாடியை வெச்சா இன்னும் பெருசாத் தெரியுமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் மிலானின் ஷெவ்சென்கோ தலையால் முட்டியதையும் உடனே உதைத்ததையும் டூடெக் அடுத்தடுத்துத் தடுத்தாரே, அந்தப் பிரிண்ட். பணம் மிச்சம் பிடிக்க மவுண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாட்டிய சுவருக்குப் பின்னால் குளியலறை. இரண்டு மழைக்காலம் போனபிறகு கண்ணாடிக்குள் ஈரத்திட்டு தெரிந்தது. கழற்றினால் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெல்ல மெல்ல உரித்தும் டூடெக்கின் கையுறையில் ஒரு விரல் கண்ணாடியோடு போய்விட்டது. அந்தப் பிரிண்டை இன்னும் வைத்திருக்கிறேன், நாலு விரலோடு.

மவுண்ட் அட்டை கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் காற்று விடுகிறது. அதுதான் அதன் வேலை, அழகு இரண்டாவது. அட்டையும் பின்பலகையும் அமிலமில்லாததாக இருக்கட்டும். செல்லோ டேப், ஃபெவிகால் இரண்டுக்கும் தடை. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமைப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். தாள் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக எழும்பும். நேர் வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: வெள்ளிப்பூச்சி இருந்தால் முதலில் அங்கேதான் குடியிருக்கும்.

ஏற்கெனவே செவப்பு வெளுத்துப்போச்சு. மறுபடி கலர் ஏத்தலாமா?

முடியாது. வெளுத்த மை திரும்பாது. மேலே பெயின்ட் தொடுவது, ஸ்கேன் செய்து புதிதாக அடிப்பது எல்லாம் வேறொரு பொருள் ஆகிவிடும். வெயில் படாத இடத்துக்கு மாற்றி, இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

பத்து வருஷம் கழிச்சு நல்ல விலைக்குப் போகுமா?

பெரும்பாலானவை போகாது. பத்து இருபது ஓவியர்கள் ஒரே கோலை வரைந்துகொண்டிருக்கிறார்கள், அடுத்த கோப்பை வந்தால் கூட்டம் அங்கே ஓடிவிடும். ஓவியரே பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்தால் ஏறலாம், அதை இப்போதே சொல்ல யாராலும் முடியாது. முதலீடு என்று பேசி விற்கிறவரிடம், ‘நீங்களே பத்து வருடம் வைத்து விற்கலாமே’ என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்.

ஒண்ணே ஒண்ணு வாங்குற அளவுக்குத்தான் காசு இருக்கு. எதை வாங்கட்டும் அண்ணா?

கோப்பையைத் தூக்குகிற படத்தை வேண்டாம் என்பேன். எல்லா வருடமும் அந்தப் படம் ஒன்றேதான்: கை மேலே, காகிதத் தூள், வாய் திறந்திருக்கும். 1984இல் ரோமா அணியின் சொந்த மைதானத்தில் நடந்த பெனால்டியின்போது, கோல்கீப்பர் குரோபெலார் எதிராளியைக் குழப்ப வலைக்கு முன்னால் கால் தள்ளாடுகிற மாதிரி நடித்தாரே, அது நல்ல தேர்வு. கொன்டியும் கிராட்ஸியானியும் பந்தை மேலே அனுப்பினார்கள். அந்தப் படத்தைக் கால்பந்தே தெரியாத பாட்டிகூட நின்று பார்த்து, ‘இவனுக்கு என்னடா ஆச்சு?’ என்று கேட்பார். எங்கள் வீட்டில் கேட்டார்கள்.

நீங்களே தூங்காமல் பார்த்த ஆட்டம் ஒன்று இருந்தால் அதை வாங்குங்கள். என்னிடம் இருப்பதில் கடைசியாக விற்பேன் என்றால் அது கோலே இல்லாத ஒன்று. இஸ்தான்புல் ஸ்கோர் பலகை, கறுப்புப் பின்னணி, மிலான் 3, லிவர்பூல் 0, கீழே சின்னதாக ‘இடைவேளை’. முப்பது பிரதிகள்தான் அடித்தார்கள், அதில் பாதியும் விற்கவில்லையாம். மவுண்டோடு, உள்சுவரில், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், ‘தோத்த மேட்சை ஏன் மாட்டியிருக்கீங்க?’ என்று கேட்டால் காபி போட்டுக்கொடுத்து உட்கார வைக்கிறேன்.